முப்பது நாள் முத்திரையும் முதலாளியின் லாபமும்

தாய்லாந்துப் பிரஜை ஒருவர் பக்கத்து நாடான மலேசியாவுக்குப் போக விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டை நீட்டினால் எல்லைச் சாவடி அதிகாரி அதில் ஒரு முத்திரை குத்துகிறார். முப்பது நாள் தங்கலாம். ஊர் சுற்றலாம், உறவினரைப் பார்க்கலாம், கடைவீதியில் காசு செலவழிக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது: வேலை செய்யக் கூடாது.

கேட்பதற்கு நியாயமான சட்டம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முத்திரையை வாங்கிக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்களில் பல்லாயிரம் பேர் வேலைக்குத்தான் போகிறார்கள். இது எல்லைச் சாவடிக்குத் தெரியும். கோலாலம்பூர் சர்க்காருக்குத் தெரியும். பாங்காக் சர்க்காருக்கும் தெரியும். அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கோ மிக நன்றாகவே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் ஒப்புக்கொள்ளாத ரகசியம் இது. இந்த ரகசியத்தால் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எங்கோ கடல் கடந்த நாட்டின் எல்லைச் சாவடியைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். மில் கேட்டில் பதிலித் தொழிலாளியாக நின்றவருக்கு இந்த விஷயம் புதிதல்ல. வேலை உண்டு, ஆனால் வேலைக்காரன் என்ற உரிமை இல்லை. நாளைக்கு வா என்பான், வராதே என்றும் சொல்வான். எதிர்த்துக் கேட்டால் உன் பெயரே புத்தகத்தில் இல்லை என்பான். அதே வித்தைதான் அங்கே ஒரு தேசத்தின் வாசலில் நடக்கிறது. நம் தமிழ்ப் பாட்டாளிகளின் ரத்தமும் அந்த எல்லையில் சிந்தியிருக்கிறது. அதையும் சொல்வோம்.

கதவு யாருக்குத் திறக்கிறது?

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். தங்குவதற்குக் கையில் பணம் இருக்கிறதா, திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ வருகை அட்டை ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் கைப்பேசியோடு பழகாதவரும் அடுத்தவர் தயவை நாட வேண்டியதுதான். இலவசம் என்று சர்க்கார் சொல்லும் காரியத்துக்கு ஏழை கூலி கொடுப்பது நமக்கும் பழகிய அனுபவந்தானே!

எல்லையோர மாகாணங்களில் குடியிருக்கும் தாய்லாந்துக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக எல்லைப் பாஸ் என்ற சிறு புத்தகம் தருகிறார்கள். அதை வைத்திருப்பவர் வருகை அட்டை நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லையை ஒட்டிய பகுதிக்குள்தான் நடமாடலாம். சந்தைக்குப் போய் வரவும் கலியாணம் கருமாதிக்குப் போய் வரவும் அது உதவும். கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ பிழைப்புத் தேடப் போகிறவருக்கு அது உதவாது.

தாய்லாந்தில் ஐந்து வருஷ பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 பாட். நராதிவாட், பத்தானி, யாலா ஆகிய மூன்று தென்கோடி மாகாணங்களில் 2025 ஜனவரியில் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 337 பாட். அந்த நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி அதுதான். ஆக, அந்தச் சிறு புத்தகத்தின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் மூன்று நாள் உழைப்பு. பாங்காக் வியாபாரிக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு.

எதிர்த் திசையில் பாருங்கள். 2024-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 50 லட்சம் மலேசியர் தாய்லாந்துக்குப் போய் வந்தார்கள். சனி ஞாயிறு வந்தால் சடாவ் சாவடியில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஹாட் யாய் நகரத்தின் ஓட்டல்கள் நிரம்பி வழியும். காசு கொண்டு போகிறவனுக்கு இரு பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டு கையை மட்டும் கொண்டு போகிறவனிடம்தான் கேள்வி மேல் கேள்வி.

கோடு போட்டது யார்?

இந்த எல்லை ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1909 மார்ச் 10 அன்று பாங்காக் நகரில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியமும் சயாம் ராஜாங்கமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன கெடாவும், கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகிய நாடுகளும் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. பத்தானிப் பிரதேசமும் சத்துனும் சயாமிடம் நின்றன. அதோடு தெற்கே ரயில் பாதை போடுவதற்காகச் சயாமுக்கு 40 லட்சம் பவுன் கடன் கிடைத்தது. மக்கள் யார், அவர்கள் பேசும் மொழி என்ன, அண்ணன் தம்பி எந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பேனா முனையில் தேசம் பிரிந்தது.

கிளந்தானுக்கும் நராதிவாட்டுக்கும் நடுவே கோலோக் ஆறு ஓடுகிறது. இக்கரையில் பேசும் மலாய் மொழிதான் அக்கரையிலும். ஒரே மார்க்கம், ஒரே சாப்பாடு, ஒரே உறவுமுறை. அக்கரையில் பெண் எடுத்து இக்கரையில் பிள்ளை பெற்ற குடும்பங்கள் ஏராளம். அந்த மக்களுக்கு ஆறு என்பது துணி துவைக்கும் இடம், மீன் பிடிக்கும் இடம். அதை அன்னிய நாட்டு எல்லை என்று சட்டம் சொல்கிறது.

ஏன் போகிறார்கள்?

தாய்லாந்தின் தென்பகுதி ரப்பர் பூமி. உலகத்திலேயே மிக அதிகமாக இயற்கை ரப்பர் உற்பத்தி செய்யும் நாடு அது. அந்த ரப்பரைச் சீவுகிற கைகள் பணக்காரக் கைகளாகிவிட்டனவா? 2011-இல் கிலோ 180 பாட் அளவுக்கு ஏறிய ரப்பர் விலை அடுத்த சில வருஷங்களில் நாலில் ஒரு பங்காகச் சரிந்தது. 2013-இல் நாக்கோன் சி தம்மராட் மாகாணத்தில் ரப்பர் விவசாயிகள் ரஸ்தாவையும் ரயில் பாதையையும் மறித்துப் போராடினார்கள். மரம் பிறனுடையது, பாலில் பங்குதான் கூலி என்று வேலை செய்கிறவருக்கோ விலை விழுந்தால் பங்கும் விழும். மழைக் காலத்தில் பால் சீவ முடியாது. அப்போது அடுப்பும் எரியாது.

இதற்கு மேல் துப்பாக்கிச் சத்தம். 2004 ஜனவரியிலிருந்து பத்தானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் நடந்துவரும் மோதலில் 7,000 பேருக்கு மேல் மாண்டிருக்கிறார்கள். அந்த வருஷம் அக்டோபர் 25 அன்று தாக் பாயில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டு போனார்கள். மூச்சுத் திணறி மட்டும் 78 பேர் செத்தார்கள். இருபது வருஷம் கழிந்து, 2024 அக்டோபரில் வழக்கின் காலவரம்பு முடிந்தது. ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. இப்படிப்பட்ட பூமியில் தொழிற்சாலை எங்கிருந்து வரும்? வேலை எங்கிருந்து வரும்?

அந்தப் பக்கம் மலேசியாவில் 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் ஏழரை பாட் என்று வைத்தால் 12,750 பாட் ஆகிறது. இங்கே நாளைக்கு 337 பாட் வீதம், வேலை தவறாமல் கிடைத்து 26 நாள் உழைத்தாலும் 8,762 பாட்தான். ஆற்றைத் தாண்டுவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஆகவே போகிறார்கள். புளிப்பும் காரமும் கலந்த டோம் யாம் என்ற தாய்லாந்து ரசம் மலேசியாவில் பிரசித்தம். அதன் பேராலேயே நாடெங்கும் சாப்பாட்டுக் கடைகள் நடக்கின்றன. ஜொகூரிலிருந்து கிளந்தான் வரை அந்தக் கடைகளில் அடுப்படியில் நிற்பவர், தட்டுக் கழுவுபவர், மேஜை துடைப்பவர் எல்லாம் பெரும்பாலும் தாய்லாந்தின் தென் மாகாணங்களிலிருந்து வந்த மலாய் முஸ்லிம் இளைஞர்களும் பெண்களுந்தான். வயல் அறுவடைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்களும் உண்டு.

முப்பது நாள் வித்தை

சட்டப்படி வேலை செய்ய வேண்டுமானால் தற்காலிக வேலை அனுமதி வேண்டும். அதை முதலாளிதான் கேட்டு வாங்க வேண்டும். அந்த அனுமதி அந்த ஒரு முதலாளியோடு தொழிலாளியைக் கட்டிப்போடுகிறது. கடை, ஆலை, கட்டட வேலைகளுக்கு ஆள் ஒன்றுக்கு வருஷ வரி 1,850 ரிங்கிட் என்று 2016-இல் விதித்தார்கள். மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, அலைச்சல் வேறு. 2023 மார்ச்சில் அயல்நாட்டுத் தொழிலாளருக்கான புதிய கோட்டாக்களையே மலேசிய சர்க்கார் நிறுத்திவைத்தது. கோட்டா நின்றதால் கடை அடுப்பு அணைந்துவிட்டதா? இல்லை.

எப்படி எரிகிறது? முப்பது நாள் முத்திரையால்தான் எரிகிறது. உல்லாசப் பிரயாணி என்ற பேரில் தொழிலாளி உள்ளே வருகிறார். மாதக் கடைசியில் இரவு பஸ் ஏறி எல்லைக்குப் போகிறார். வெளியே போகும் முத்திரை, உள்ளே வரும் முத்திரை இரண்டையும் வாங்கிக்கொண்டு மறுபடி கடைக்கு வருகிறார். பஸ் கட்டணம் அவருடையது, போகும் நாளின் கூலியும் அவருடைய நஷ்டம். இந்தத் தடவை அதிகாரி முத்திரை குத்துவாரோ மாட்டாரோ என்ற பயமும் அவருடையதே. முதலாளிக்கு என்ன செலவு? ஒரு காசும் இல்லை.

மேலே சொன்ன வருஷ வரி மிச்சம். மலேசியாவில் 2019 முதல், சட்டப்படி பதிவான அயல்நாட்டுத் தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு தரும் காப்புறுதி உண்டு. அந்தச் சந்தாவும் மிச்சம். 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் சேமநிதியில் முதலாளி 2 சதவிகிதம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது, அதுவும் மிச்சம். கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால் வைத்தியச் செலவு முதலாளியின் தர்ம சிந்தனையைப் பொறுத்தது. ஓவர்டைம் கேட்டால் "போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்ற ஒரே வார்த்தை போதும். சவுக்கு வேண்டாம், கங்காணி வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ள தேதியே போதும்.

சட்டத்தின் கண்ணுக்கு எல்லோரும் சமம் என்கிறார்கள். அந்தச் சமத்துவத்தைக் கொஞ்சம் பாருங்கள். உல்லாச முத்திரையில் வேலை செய்து பிடிபட்டால் 1,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் நுழைந்து பிடிபட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. மனிதனுக்குப் பிரம்படி! அவன் செய்த குற்றம் பசிக்கு வேலை தேடியது.

முதலாளிக்கும் தண்டனை உண்டு. அதை மறைக்கவில்லை. ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் அவனுக்கும் பிரம்படி உண்டு. ஆனால் வித்தியாசம் எங்கே? முதலாளிக்கு வக்கீல் உண்டு, ஜாமீன் உண்டு, அபராதம் கட்டப் பணம் உண்டு. நாளைக்கு வேறொரு ஆள் கிடைப்பான் என்ற தைரியமும் உண்டு. தொழிலாளிக்கோ பிடிபட்ட அன்றே வேலை போயிற்று, வரவேண்டிய சம்பளம் போயிற்று, மறுபடி நுழையும் வாய்ப்பும் போயிற்று. ஒரே சட்டம்தான், ஒருவனுக்கு அது வியாபாரச் செலவு, மற்றவனுக்கு வாழ்வே நாசம்.

ஆசியான் பெரியவர்களின் சகோதரத்துவம்

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், சகோதர நேசத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. 2006 ஜூலை 25 அன்று கோலாலம்பூரில் அந்த நாடுகளின் மந்திரிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரு நாட்டின் பிரஜை மற்ற நாட்டுக்குப் போனால் 14 நாள் வரை விசா வேண்டாம் என்பது அதன் சாரம். மிக நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதிலும் ஒரு ஷரத்து உண்டு: அது பார்வையிட வருபவருக்கு மட்டும், வேலை செய்ய வருபவருக்கு அல்ல.

2015 டிசம்பர் 31 அன்று ஆசியான் பொருளாதார சமூகம் பிறந்தது. மூலதனம் தாராளமாக ஓடும், சரக்கு தாராளமாக ஓடும், திறமை பெற்ற உழைப்பாளிகள் நாடு விட்டு நாடு போக வழி பிறக்கும் என்றார்கள். திறமை பெற்ற உழைப்பாளி யார்? எஞ்சினீயர், டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், கட்டடக் கலைஞர், கணக்கர், நில அளவையாளர், சுற்றுலாத் தொழிலில் உள்ளவர் என எட்டு வகையாருக்கு ஏற்பாடுகள் செய்தார்கள். ரப்பர் சீவுகிறவர் அதில் இல்லை. நெல் அறுக்கிறவர் இல்லை. அடுப்படியில் வெந்து சாகும் சமையல்காரர் இல்லை. ஆசிய மக்களின் மிகப் பெரும் பகுதியான உழைப்பாளிகள் இந்தச் சகோதரத்துவத்தின் பட்டியலிலேயே இல்லை!

2007 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் சிபூ நகரில் இதே தலைவர்கள் குடிபெயர்ந்த தொழிலாளரின் உரிமைகளைப் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன. கூடவே, காகிதம் இல்லாத தொழிலாளரைச் சட்டபூர்வமாக்குவதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்று ஒரு வரியையும் மறக்காமல் சேர்த்துவிட்டார்கள். யாருக்கு உரிமை மிகவும் தேவையோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே உரிமை விருந்து நடந்தது. குடிபெயர்ந்த தொழிலாளரையும் அவர்தம் குடும்பங்களையும் பாதுகாக்க 1990-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சர்வதேச ஒப்பந்தத்தைத் தாய்லாந்தும் மலேசியாவும் இன்றுவரை ஏற்கவில்லை.

கதவை இறுக்கினால் என்ன ஆகும்?

2020 மார்ச் 18 அன்று கொரோனா நோயைக் காரணம் காட்டி மலேசியா எல்லையை மூடியது. நோயைத் தடுக்க வேண்டியதுதான், அதில் தகராறில்லை. ஆனால் டோம் யாம் கடைகள் ஓய்ந்தபோது அங்கே வேலை செய்தவர்களின் நிலை என்ன? கூலி நின்றது. முத்திரையின் தேதி கடந்தது. திரும்பி வர நினைத்தவர்களையும் தாய்லாந்து சர்க்கார் தினம் இத்தனை பேர் என்று எண்ணித்தான் உள்ளே விட்டது. சொந்த நாட்டின் கதவுக்கு வெளியே தொழிலாளி வரிசையில் நின்றான். காகிதத்தில் அவன் வெறும் பிரயாணிதானே! பிரயாணிக்கு வேலையிழப்பு நிவாரணம் ஏது? இரண்டு சர்க்கார்களும் அவனைத் தம் தொழிலாளி என்று எண்ணவில்லை. எல்லை மறுபடி முழுவதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை ஆயிற்று.

2024 டிசம்பர் 1 முதல் கோலோக் ஆற்றைச் சாவடி அல்லாத துறைகள் வழியாகத் தாண்டுகிறவர்களைக் கைது செய்வோம் என்று கிளந்தான் போலீஸ் அறிவித்தது. அவ்வழியே போதைப் பொருள் கடத்தப்படுகிறது என்றார்கள். கடத்தல்காரனைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படகில் போய் அரிசியும் மீனும் வாங்கி வரும் கிழவிக்கும் கடத்தல்காரனுக்கும் வித்தியாசம் தெரியாத சட்டம் என்ன சட்டம்?

பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் என்று ஓர் ஊர். அங்கே இரு நாட்டு மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் வரை போய் வந்து சந்தை நடத்தும் ஏற்பாடு இருந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று அதை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அதே ஊரின் காட்டு மலையில் மனிதக் கடத்தல்காரர்களின் 28 முகாம்களையும் 139 புதைகுழிகளையும் மலேசிய அதிகாரிகள் கண்டார்கள். அங்கே சிறைப்பட்டுச் செத்தவர்கள் தாய்லாந்துக்காரர் அல்லர். மியான்மரிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த ரோகிங்கியாக்களும் பிழைப்புத் தேடி வந்த வங்காளதேசத்தவரும். அவர்களுக்கு எந்தச் சாவடியிலும் கதவு இல்லை. கதவில்லாத சுவரில் கடத்தல்காரன் ஓட்டை போடுகிறான், அதற்கு உயிரை விலையாகக் கேட்கிறான். காய்கறிச் சந்தையை மூடுவது சுலபம். புதைகுழி தோண்டியவர்களின் வலையை அறுப்பதுதான் சர்க்காரின் உண்மையான வேலை.

தமிழன் ரத்தம் சிந்திய எல்லை

இந்த எல்லையைத் தாண்டிப் போன தமிழரும் உண்டு. அவர்களிடம் பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை.

1942-43-இல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை ஆசை காட்டியும் பலவந்தமாகவும் ரயிலேற்றினார்கள். மூடிய கூட்ஸ் வண்டிகளில் எல்லை தாண்டி பான் போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடத்திக் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை உண்டு, பெயர்ப் பலகை உண்டு. தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயரெழுதிய கல் ஒன்றுகூட இல்லை. உழைப்பு தேவைப்படும்போது எல்லை எப்படி மறைந்துவிடுகிறது பார்த்தீர்களா?

உழைப்பு தேவைப்படாதபோது? அதையும் தமிழன் பார்த்தான். 1968-இல் மலேசியாவில் பிரஜை அல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று சட்டம் வந்தது. காடு வெட்டி, ரப்பர் நட்டு, அங்கேயே பிள்ளை குட்டி பெற்ற தோட்டத் தொழிலாளரில் பிரஜா உரிமைக் காகிதம் வாங்கத் தெரியாமல் போனவர்கள் ஒரே நாளில் அன்னியரானார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் நம் தஞ்சை, திருச்சி, ராமநாதபுரம் ஜில்லாக்களுக்குத் திரும்பியவர்கள்தான். காகிதம் மனிதனை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

உள்ளூர்த் தொழிலாளிக்கு விரோதியா?

ஒரு கேள்வி வரும். வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறையாதா? மலேசியாவில் உள்ள மலாய், சீன, தமிழ்த் தொழிலாளர் பலரும் இதை நேர்மையாகவே கேட்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வியல்ல இது.

நம் பதில் இதுதான். கூலியைக் குறைப்பது தாய்லாந்துக்காரனின் வருகையல்ல, அவனுடைய உரிமையின்மை. 1,700 ரிங்கிட் கேட்க உரிமையுள்ளவன் ஒருபுறம், எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவன் மறுபுறம் என்றால் முதலாளி யாரைத் தேடுவான்? இருவருக்கும் ஒரே கூலி, ஒரே காப்புறுதி, ஒரே சங்கம் என்று ஆகட்டும். அப்போது மலிவான ஆளைத் தேடும் முதலாளியின் லாப வேட்டைக்கு இடமேது? மில்லில் பதிலிகளை நிரந்தரமாக்கு என்று நிரந்தரத் தொழிலாளி போராடினால் அது பதிலிக்கு மட்டும் செய்யும் உபகாரமல்ல. தன் கூலிக்கும் தானே போடும் வேலி அது.

என்ன செய்ய வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. எல்லை மாகாணத் தொழிலாளருக்குச் சாவடியிலேயே, குறைந்த கட்டணத்தில், தாமதமின்றி வேலைப் பாஸ் கொடுக்கலாம். சந்தைக்குப் போக எல்லைப் பாஸ் கொடுக்க முடிகிறது என்றால், வேலைக்குப் போக ஏன் முடியாது? அந்தப் பாஸ் ஒரே முதலாளியோடு கட்டிப்போடாததாக இருக்க வேண்டும். கொடுமை செய்யும் முதலாளியை விட்டு வேறிடம் போகும் சுதந்திரமே தொழிலாளியின் முதல் பாதுகாப்பு.

காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குக் கூலி, அடிபட்டால் வைத்தியம், இவை மறுக்க முடியாத உரிமைகள் ஆக வேண்டும். சம்பளப் பாக்கிக்கு மனுக் கொடுக்க வந்தவனை விலங்கு மாட்டி அனுப்பும் நிலை ஒழிய வேண்டும். பிரம்படி என்ற காட்டுமிராண்டித் தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்தே போக வேண்டும், அது யாருக்கானாலும் சரி. மறைத்து வேலை வாங்கிய லாபத்திலிருந்து தொழிலாளியின் பாக்கியை முதலில் வசூலிக்க வேண்டும்.

பாங்காக் சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. ரப்பருக்குக் கட்டுப்படியாகும் விலை, தென் மாகாணங்களில் வேலை, துப்பாக்கி ஓய்ந்த சமாதானம், தாக் பாயில் மாண்டவர்களுக்கு நியாயம் — இவற்றைக் கொடுக்காத சர்க்கார், தன் மக்கள் அயல்நாட்டில் ஒளிந்து வாழ்வதைப் பற்றி நீலிக் கண்ணீர் வடிக்கத் தகுதியற்றது.

இவற்றில் எதுவும் தானாக வராது. மலேசியாவில் சட்டப்படி வந்த அயல்நாட்டுத் தொழிலாளி சங்கத்தில் சேர்வதற்குத் தடையில்லை. அடுப்படியிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் தாய்லாந்துத் தொழிலாளியை அன்னியன் என்று ஒதுக்காமல் சங்கத்துக்குள் அழைப்பதுதான் அங்குள்ள தொழிலாளியின் கடமை. அந்த நாட்டுத் தோட்டங்களில் சங்கம் கண்டு போராடியவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர் முன்னணியில் நின்றார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

பணத்துக்குப் பாஸ்போர்ட் இல்லை. ரப்பருக்கு விசா இல்லை. அரிசி மூட்டை எந்தச் சாவடியிலும் முப்பது நாளில் திரும்பிப் போ என்ற உத்தரவைக் கேட்பதில்லை. அந்த ரப்பரைச் சீவிய கைக்கும் அந்த நெல்லை அறுத்த கைக்கும் மட்டும் ஏன் இந்தத் தேதி? இந்தக் கேள்வியை கோலோக் ஆற்றின் இரு கரையிலும் உள்ள உழைப்பாளிகள் ஒன்றாகக் கேட்கும் நாள் வர வேண்டும். அன்று அந்த முத்திரை பாஸ்போர்ட்டில் குத்திய வெறும் மையாகிவிடும். தொழிலாளியின் வாயை அடைக்கும் பூட்டாக இராது.